தனபாக்கியம் அக்கா வாசிக்காத பெயர்

மலாக்காவில் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி நிலையம் இருந்தது என்று இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். சமதுக்கு வயசாகிவிட்டது, என்னமோ உளறுகிறான் என்று நினைப்பு. இருந்ததய்யா. காஜா பேராங் சாலையில், மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சில மாதம்தான் உயிரோடு இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இல்லவே இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தவுக்கே என்று நாங்கள் அழைத்த சீன முதலாளி பணம் போட்டார். நான் இயந்திரம் பார்த்தேன். ஆனால் அந்த நிலையத்தின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் எனக்குத் தனபாக்கியம் அக்காவின் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் அவர் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

படம் வருவதற்கு முன்னால் அது வெறும் குரல்தான். பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத்துக்குத் தேதி அறிவித்த ஐம்பத்தாறாம் வருஷத்தில், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பார்த்துவிட்டு வந்த மலாய் பேசும் சீனரான எங்கள் பாபா தவுக்கே கம்பி வானொலி ஒன்றை ஆரம்பித்தார். மாடியில் இசைத்தட்டு சுழலும். அங்கிருந்து கம்பத்துக்குக் கம்பம் கம்பி போகும். காஜா பேராங், தெங்கேரா, ஜாலான் பெண்டஹாரா என்று வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ஒரு மரப்பெட்டி. பெட்டியில் ஒரே ஒரு திருகுதான். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேறு நிலையம் மாற்ற முடியாது. நாங்கள் என்ன போடுகிறோமோ அதைத்தான் ஊர் கேட்கவேண்டும். அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

என் வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஜாலான் பெண்டஹாராவில் எங்களுக்குத் துணிக்கடை. "கைலி அளக்க வேண்டிய பய கம்பத்துல ஏறிக் கம்பி முறுக்குறான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். ஆனால் கடையில் எங்கள் பெட்டியை மாட்டி வைத்திருந்தார். பாட்டுக் கேட்க நிற்கிறவன் ஒரு கைக்குட்டையாவது வாங்காமல் போகமாட்டான் என்ற கணக்கு.

மலாய்க்கு நேரம், சீனத்துக்கு நேரம், மாலையில் தமிழுக்கு ஒரு மணி நேரம். தமிழ் வாசிக்க ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்துகொண்டிருந்தார். அவர் வாசித்தால் எனக்கே கொட்டாவி வரும்.

தனபாக்கியம் அக்கா அப்போது எங்கள் மாடிக்கு நேர் கீழே, கடை முன்னால் போகும் அஞ்சடிப் பாதையில் தையல் இயந்திரம் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயது தாண்டியவர். நெற்றியில் வட்டமாகப் பெரிய குங்குமம். ஒருநாள் மலாய் நேரத்தில் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. நான் புழுக்கம் தாங்காமல் சன்னலைத் திறந்து வைத்திருந்தேன். கீழே ஒரு அம்மாள் ரவிக்கை கை இறுக்குகிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். "அளவு குடுத்தப்ப கை அப்படியா இருந்துச்சு? தீபாவளிப் பலகாரம் தின்னது நீங்க, குத்தம் என் ஊசிக்கா?" என்று அக்கா கேட்ட கேள்வி ஒலிவாங்கிக்குள் புகுந்து, தெங்கேரா வரைக்கும் எல்லா வீட்டுப் பெட்டியிலும் தெளிவாகப் போய்விட்டது. என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். தவுக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி மாடியேறி வந்தார். மறுநாள் ஊரே யார் அந்தப் பெண் என்று விசாரித்தது. வாத்தியார் கௌரவமாக விலகிக்கொண்டார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்திருந்த அக்கா, கழுத்தில் அளவு நாடாவோடு மாடிக்கு வந்து உட்கார்ந்தார்.

அவர் குரலைப் பற்றி நான் என்ன சொல்ல? பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாகப் பேசுகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

நேயர்கள் தபால் அட்டையில் பெயரும் பாட்டும் எழுதி அனுப்புவார்கள். அக்கா வாசிப்பார், நான் தட்டைப் போடுவேன். சில மாதம் போனபின் தெங்கேராவிலிருந்து ஒரு ஆள் முகம் சிவக்க மாடியேறி வந்தான். பெயர் சுந்தரம். "வாரா வாரம் எழுதுறேன். ஊருல உள்ள எல்லாவன் பேரும் வருது. என் பேரை மட்டும் 'தெங்கேராவிலிருந்து ஓர் அன்பர்'னு சொல்லுது அந்தம்மா. எனக்குப் பேரு இல்லியா?" என்று கத்தினான். அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது நிஜம். எந்தச் சுந்தரம் எழுதினாலும் அக்கா 'ஓர் அன்பர்' ஆக்கியிருந்தார். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வாழ்த்துச் சொல்லும்போது அவர் கலியாணம் என்ற சொல்லையே தொடுவதில்லை. திருமணம் என்பார், இல்லாவிட்டால் மணவிழா என்பார். ஊரில் ஒரு தமிழ்ச் சங்கம், அம்மையார் எப்பேர்ப்பட்ட தூய தமிழ் பேசுகிறார் என்று மெச்சி, மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியது. அக்கா அதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தார்.

ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

"என்னாக்கா இது? வாசிக்கத்தானே உக்காந்திருக்கீங்க?"

அக்கா அட்டைகளை அடுக்கியபடி சிரித்தார். "அது அவர் பேரு தம்பி. பாதிப் பேரு."

"யாரு பேரு?"

அக்கா குங்குமத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஒரு துண்டுத் துணியில் சுண்ணக்கட்டியால் எழுதி என்னிடம் நீட்டினார். கலியாணசுந்தரம். நான் வாய்விட்டுப் படித்ததும் தலையை ஆட்டி, துணியை உதறி, எழுத்தை அழித்துவிட்டார்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பிய காலம். எங்கள் உம்மாவும் வாப்பாவின் பெயரைச் சொன்னதில்லை, எனக்கு இது புதிதல்ல. ஆனால் அக்காவின் வீட்டுக்காரரைச் சப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்ப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. சயாமிலிருந்து திரும்ப வேண்டியவர்கள் திரும்பி வந்து, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் அந்தக் குங்குமத்தைப் பார்த்து முதுகுக்குப் பின்னால் பேசாத பெண்கள் இல்லை. இல்லாத ஆளுக்கு ஆயுசு எங்கிருந்து குறையும் என்று என் வாய்வரைக்கும் வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

கொண்டுபோன கதையை அவரே ஒருநாள் சொன்னார், கால் தையல் மிதியை மிதித்தபடியே. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், மேஸ்திரி மண்டோர் பெயர் வாசித்திருக்கிறார். பெயர் வந்தவன் லாரியில் ஏறவேண்டும். மூன்று மாச வேலை, திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். லயத்து வீடுகளிலிருந்த பெண்கள் செய்தி கேட்டு ஓடிவருவதற்குள் லாரி நகர்ந்துவிட்டது.

"நான் என்னங்க, என்னங்கன்னு கத்துனேன் தம்பி. என் பக்கத்துல நின்னவளும் என்னங்கன்னுதான் கத்துறா. எல்லாவளும் அதையேதான் கத்துறா. அவரு அந்தப் பக்கம் பாக்குறாரு, இந்தப் பக்கம் பாக்குறாரு. யாரு கூப்புடுறான்னு தெரியல அவருக்கு. என்னைப் பாக்காமலே போயிட்டாரு."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நூல் அறுந்ததா என்று குனிந்து பார்த்தார்.

சுதந்திரம் வந்தது. எங்கள் பெட்டிகளெல்லாம் அன்றைக்குக் கூட்டிவைத்த சத்தத்தில் அதிர்ந்தன. அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் காணாமற்போனவர்களைத் தேடும் ஒரு பகுதியைத் தவுக்கேயிடம் கேட்டு வாங்கியவர் அக்காதான். சயாமுக்குப் போன அண்ணன், தம்பி, மாமன் என்று குடும்பங்கள் பெயர் கொண்டுவரும். அக்கா நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை வாசிப்பார். ஊர், தோட்டம், அடையாளம் எல்லாம் சொல்வார். சிலர் கிடைக்கவும் கிடைத்தார்கள். குளுவாங்கில் குடும்பத்தோடு இருந்த ஒருவனை அவன் தாயார் இந்தப் பகுதியால்தான் கண்டுபிடித்தார். அந்தக் கிழவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்.

"அக்கா, உங்க ஆளு பேரை நான் வாசிக்கிறேன். நீங்க சொல்ல வேணாம். அவரு எனக்கு என்ன மொறை, நான் சொன்னா என்ன?" என்றேன்.

"வேணாம் தம்பி."

"ஏன்?"

"ஆம்பிளக் குரல் பேரை வாசிச்சுத்தானே லாரியில ஏத்துனாங்க. திரும்பவும் ஒரு ஆம்பிளக் குரல் பேரைச் சொன்னா அவரு வருவாரா? ஒளிஞ்சுக்குவாரு. நான் கூப்புட்டாத்தான் வருவாரு." பட்டியலை மடித்தபடி, "நான் கூப்புட முடியாதே" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரார் வீட்டுப் பெயரையெல்லாம் வாசித்து ஊரார் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். தன் ஆளின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார். இது என்ன அநியாயம்? ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பட்டியல் முடிந்தபின் அவர் ஒலிவாங்கியை உடனே விடமாட்டார். இன்னும் ஒரு பெயர் சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்து, சும்மா இருப்பார். நான் தட்டைப் போடுவேன். ஊரில் யாருக்கும் அந்த இடைவெளி தெரியாது. எனக்குத் தெரியும்.

இப்படியே ஐந்து வருஷம் போயிற்று.

அறுபத்து மூன்றில் தவுக்கே சிங்கப்பூர் போய்த் தொலைக்காட்சி பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவுதான், சாப்பாடு தூக்கம் போய்விட்டது. யாரோ கழித்துக்கட்டிய படப்பிடிப்புக் கருவி ஒன்றையும், பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் சிலவற்றையும் வாங்கி வந்து இறக்கினார். "போலே, சமது, போலே!" என்று என் முதுகில் தட்டினார். அவர் பாஷையில் முடியும் என்று அர்த்தம். முடித்தேன். மாடியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, கீழே அஞ்சடிப் பாதையில் ஒன்று, தெங்கேரா கோப்பிக் கடையில் ஒன்று, வாப்பாவின் கடையில் ஒன்று என்று பெட்டிகளை வைத்தோம். முதன்முதலில் திரையில் வந்தது தவுக்கேயின் பூனை. விளக்குச் சூடு அதற்கு இதமாக இருந்ததால் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மனிதர்கள்தான் வியர்த்து வழிந்தார்கள். படம் உருளும், பக்கவாட்டில் சாயும். ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும். ஊரார் அதற்குக் கம்பிப் படம் என்று பெயர் வைத்து, கடைக்கு முன்னால் பாய்விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். வாப்பா கடையில் கூட்டம் நெரிந்தது. "எங்க சமது வேலதான்" என்று அவர் சொன்னதாக எனக்குத் தகவல் வந்தது. என்னிடம் சொல்லவில்லை.

ஆனால் கோலாலம்பூரில் அரசாங்கத் தொலைக்காட்சி வரப்போகிறது, பின்னாலேயே எங்கள் ஊருக்கும் வரும் என்று ஆகிவிட்டது. உருளாத படம் வரும்போது உருளும் படத்தை யார் பார்ப்பார்கள்? தவுக்கே தன்னந்தனியாக உட்கார்ந்து யோசித்து, படம், கம்பி வானொலி இரண்டையும் சேர்த்து மூடிவிடுவதென்று முடிவு செய்தார். அந்த ஞாயிறுதான் தேடும் பகுதிக்குக் கடைசி என்று எங்களிடம் சொன்னார்.

அக்கா கேட்டுக்கொண்டு கீழே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, இனி கூப்புடணும்னு நெனச்சாலும் முடியாது. கம்பியை அறுத்துருவாங்க."

"தெரியும் தம்பி." ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தார், நூல் நுழையவில்லை. "சொன்னா அவரு ஆயுசைக் கொறைச்ச பாவம் எனக்கு. சொல்லாட்டி நான் இங்க இருக்கேன்னு அவருக்கு எப்பவுமே தெரியாது. நீ சொல்லு, நான் எதைச் செய்ய?"

எதற்கெடுத்தாலும் பேசுகிறவன் நான். அன்று ஊசியை வாங்கி நூல் கோர்த்துக் கொடுக்கத்தான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா நீலப் பட்டுச் சேலை கட்டி வந்தார், கலியாணச் சேலை. கையில் சட்டம் போட்ட கலியாணப் படம். கருவிக்கு முன்னால் உட்கார்ந்தார். படம் கம்பியில் போயிற்று, குரல் எல்லாப் பெட்டிக்கும் போயிற்று. வழக்கம்போல மற்றவர்கள் பெயரை முதலில் வாசித்தார், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. முடிந்தது. வழக்கமான அந்த இடைவெளி வந்தது. நான் தட்டைப் போடவில்லை.

அக்கா படத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"கலியாணசுந்தரம்" என்றார். முதல் தடவை குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னார். "கலியாணசுந்தரம். ஜாசின் பக்கத்துத் தோட்டம். சயாமுக்குப் போனவரு. நான் அவரு சம்சாரம் தனபாக்கியம். காஜா பேராங்குல இருக்கேன். எங்கேயும் போகல, இங்கதான் இருக்கேன்."

பிறகு எழுந்து கீழே போய், தையல் இயந்திரத்துக்கு முன்னால் சாலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். போகிற வருகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்தார். வருவார் என்றே நம்பினார். உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சைக்கிள் வேகமாக வந்து நின்றது. நரைத்த ஆள், காக்கி அரைக்கால் சட்டை. அக்கா சட்டென்று எழுந்தார். முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர் பெயர் அப்பாசாமி. செங் பக்கம் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர். ஞாயிறு தோறும் ஜாலான் பெண்டஹாராவுக்குச் சாமான் வாங்க வருவார். அன்று வாப்பா கடை வாசலில் நின்று கம்பிப் படம் பார்த்திருக்கிறார்.

"அம்மா, ஏழு வருஷமா உங்க குரலைக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார், மூச்சு வாங்கியபடி. "அந்த அம்மா நீங்கதான்னு எனக்குத் தெரியாதே. அவரும் நானும் ஒரே கொட்டாயில படுத்தோம். சயாமுக்குப் போன அந்த வருஷமே, மழைக்காலத்துலயே அவருக்குக் காலரா வந்துருச்சு. நாந்தான் மூங்கில் காட்டுல பொதச்சேன். அவகிட்ட சொல்லிடுன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டாரு. சண்டை முடிஞ்சு வந்ததும் உங்க தோட்டத்துக்குப் போனேம்மா. பழைய ஆளுங்க ஒருத்தரும் இல்ல. எல்லாம் புது ஆளுங்க. அந்தம்மா பேரு என்னான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல."

"என் பேரைச் சொல்லலியா அவரு?"

"ஒருநாளும் சொன்னதில்லம்மா. அவ, அவன்னுதான் பேச்சு. அவ ரசம் வச்சா இப்பிடி, அவ சிரிச்சா அப்பிடின்னு. பேரைக் கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டுச் சிரிப்பாரு."

அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இன்னிக்கு நான் சொன்னதால ஒண்ணும் ஆகலியே?"

"இல்லம்மா. அது அப்பவே..." என்று சொல்ல ஆரம்பித்த அப்பாசாமி முடிக்க முடியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை உட்காரவைத்து, எதிர்க் கடையில் கோப்பி வாங்கி வரச்சொல்லி, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தது அக்காதான்.

அந்த வாரக் கடைசியில் தவுக்கேயின் ஆட்கள் கம்பத்திலிருந்து கம்பியை அவிழ்க்கத் தொடங்கினார்கள். கருவியை யாரோ வந்து தூக்கிப்போனார்கள். பூனை மட்டும் விளக்கு இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. நான் இயந்திர அறையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மாடியேறி வந்தார். குங்குமம் அப்படியே இருந்தது.

"தம்பி, ஒலிவாங்கி இன்னும் வேலை செய்யுமா?"

"செய்யும். ஆனா கம்பி இல்லக்கா. யாருக்கும் கேக்காது."

"பரவால்ல, போடு."

போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். என் காதுக்கருவியில் மட்டும் அவர் குரல் வந்தது. லாரியின் பின்னால் ஓடியபோது அவர் கத்தியிருக்கவேண்டிய குரல் அது. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"கலியாணசுந்தரம்! இங்க பாருங்க. நாந்தான். இந்தப் பக்கம், இந்தப் பக்கம் பாருங்க."